பீட்டில் வெட்டுவதா, பீட்டை மீறி வெட்டுவதா: மியூசிக் வீடியோவில் கேமராவும் வெட்டும் பேசும் மொழி

கேள்வி இது: "பாட்டின் வரிகளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. பிறகு கேமராவும் எடிட்டிங்கும் புதிதாக என்ன சொல்ல முடியும்? அழகான ஷாட்டுகளை எடுத்து பீட்டுக்கு பீட், அதாவது தாள அடிக்கு அடி, வெட்டிக் கோத்தால் போதாதா?"

போதாது. கதைப் படத்தில் ஒரு காட்சி எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை எடிட்டர் தீர்மானிக்கலாம். மியூசிக் வீடியோவில் அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நான்கு நிமிடப் பாட்டு என்றால் நான்கு நிமிடம்தான். எங்கே உச்சம், எங்கே மூச்சு விடும் இடம், எங்கே பல்லவி திரும்பும் என்பதையெல்லாம் இசையமைப்பாளர் முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார். படம் எடுப்பவர் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு முடிவு: பாட்டு போகும்போது படமும் கூடவே போவதா, பின்தங்குவதா, எதிர்த்து நிற்பதா? அர்த்தம் பிறப்பது அங்கேதான். வரியில் மழை வந்தால் மழையைக் காட்டுவது, டிரம் விழும்போதெல்லாம் வெட்டுவது இரண்டும் பாட்டு சொன்னதையே திருப்பிச் சொல்வது. காது ஏற்கெனவே வாங்கிக்கொண்டதைக் கண்ணுக்கும் கொடுத்தால் கண் சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதலில் கணக்கு. ஃப்ரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) 60-ஆல் பெருக்கி பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால், ஒரு பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று தெரிந்துவிடும். 24 ஃப்ரேமில் 120 பிபிஎம் பாட்டுக்கு 12 ஃப்ரேம். 90 என்றால் 16. 100 என்றால் 14.4, அந்த .4 இல்தான் வம்பு. 14 ஃப்ரேம் துண்டுகளாக வரிசையாக அடுக்கிக்கொண்டு போனால் பத்தே பீட்டில் வெட்டு 4 ஃப்ரேம் முந்திவிடும். காரணம் தெரியாதவருக்கும் 'ஏதோ இடிக்கிறது' என்று தோன்றும். அதனால் கிளிப்பின் நீளத்தை நகலெடுத்து ஒட்டக் கூடாது. பாட்டை ஓடவிட்டு, அலைவடிவத்தைப் பார்த்து, ஒவ்வொரு தாளக்கட்டின் (சில பீட்டுகள் சேர்ந்த ஒரு சுற்றின்) முதல் அடிக்கும் மார்க்கர், அதாவது குறி, போட்டுக்கொண்டு, அந்த மார்க்கரோடு வெட்டைச் சேர்க்க வேண்டும். கிளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஓடும் தட்டொலி) இல்லாமல் வாசித்துப் பதிவு செய்த பாட்டென்றால் மென்பொருள் சொல்லும் பிபிஎம்மை நம்பவே வேண்டாம், வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மார்க்கரைக் கையால்தான் போட வேண்டும்.

நம் ஊர்க் குத்துப்பாட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பல பாட்டுகள் ஆறு-எட்டு நடையில் போகும். ஆறு எண்ணிக்கையில் கனம் விழுவது ஒன்றிலும் நான்கிலும். மென்பொருளின் கட்டம் நான்கு-நான்கில் இருந்தால், அதைப் பார்த்து வெட்டுபவர் கனமில்லாத இடங்களில் வெட்டிக்கொண்டே போவார். பாட்டு ஆடச் சொல்லும், படம் நடக்கச் சொல்லும். டான்ஸ் மாஸ்டர் எட்டு எட்டாக எண்ணி ஆட வைத்திருக்கிறாரா, ஆறு ஆறாகவா என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எடிட் அறையில் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

கணக்கு தெரிந்த பிறகுதான் மீறல். கர்நாடக இசையில் எடுப்பு என்று ஒன்று இருக்கிறது. பாட்டு தாளத்தோடு சேர்ந்தே தொடங்கினால் சமம், தாளத்துக்கு முன்பே தொடங்கினால் அதீதம், தாளம் தொடங்கிய பிறகு வந்தால் அனாகதம். வெட்டுக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். எடிட்டிங் பற்றி யோசிக்க இதைவிடக் கச்சிதமான சொற்கள் வேறெங்கும் கிடைக்குமா என்பது சந்தேகம்.

சமத்தில் வெட்டினால் உறுதி, கட்டளை, கூட்டம், நடனம் என்ற உணர்வு வரும். ஆனால் திரையில் சமமாகத் தெரியும் வெட்டு, டைம்லைனில் (மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கும் வரிசையில்) 2 ஃப்ரேம் முன்னாலேயே இருக்கும். புதிய படத்தைக் கண் உள்வாங்க ஒரு கணம் தேவை. பீட் விழும் அதே ஃப்ரேமில் வெட்டினால் தாமதமாக வெட்டியதுபோல் தோன்றும். அதைவிட நல்ல வழி, ஷாட்டுக்குள் இருக்கும் அசைவை பீட்டில் உட்கார வைப்பது: கால் தரையைத் தொடுவது, தலை திரும்புவது, கதவு மூடுவது. வெட்டு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்பே முடிந்திருக்கட்டும்.

அரை பீட் அளவுக்கு முன்னால் வெட்டினால் அது அதீதம். படத்துக்கு ஏதோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்ற பதற்றமும் ஆவலும் அதில் வரும். அரை பீட் தள்ளி வெட்டினால் அனாகதம்: மனமில்லாமல் நகர்வது, முந்தைய படத்தை விட முடியாமல் விடுவது.

கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 90 பிபிஎம், 24 ஃப்ரேம். நான்கு அடி கொண்ட நான்கு தாளக்கட்டுகள் ஓடும் ஒரு வரி. மொத்தம் 256 ஃப்ரேம், பத்தே முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. பிரிவைப் பற்றிய வரி என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று ஷாட்டுகள்: வாசலில் நிற்கும் அம்மாவின் முகம், தெருமுனையில் திரும்பும் ஆட்டோ, திண்ணைத் தூணைப் பிடித்திருக்கும் கை.

முதல் வடிவம்: முகம் 64, ஆட்டோ 64, கை 64, மறுபடி முகம் 64. ஒவ்வொரு தாளக்கட்டின் முதல் அடியிலும் ஒரு வெட்டு. பிழை எதுவும் இல்லை, அர்த்தமும் இல்லை. மகன் போனான், அம்மா நின்றாள் என்ற தகவல் மட்டும் வந்து சேரும்.

இரண்டாவது வடிவம்: முகம் 136, ஆட்டோ 40, கை 80. 136 என்பது இரண்டு தாளக்கட்டும் அதற்கு மேல் அரை பீட்டும். மூன்றாவது தாளக்கட்டின் முதல் அடி விழும்போது, இப்போது வெட்டு வரும் என்று பார்ப்பவரின் உடம்பு எதிர்பார்க்கும். வராது. முகம் அங்கேயே இருக்கும். 8 ஃப்ரேம் கழித்து ஆட்டோ வரும்போது அது பாதி திரும்பிவிட்டிருக்கும். அடுத்து கை. அதை வரியோடு முடிக்காமல், அடுத்து வரும் பல்லவிக்குள் இன்னும் 32 ஃப்ரேம் இழுத்துவிட வேண்டும். பல்லவி தொடங்கிவிட்டது, டிரம் வந்துவிட்டது, கை இன்னும் தூணில். பாட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது, அவள் போகவில்லை. வரியில் இல்லாத இந்த வாக்கியத்தை எழுதியது வெட்டு.

மூன்றாவது வடிவம்: ஆட்டோவை முந்தைய வரியின் கடைசி பீட்டிலேயே, 16 ஃப்ரேம் முன்னால் கொண்டுவந்துவிடுவது. பிறகு முகம், வரி முடியும்வரை. பிரிவு என்ற சொல் பாட்டில் வரும் முன்பே ஆட்டோ போய்விட்டது நமக்குத் தெரியும். இப்போது அந்தச் சொல் அவளுக்குத்தான் செய்தி. அது அவள் முகத்தில் இறங்குவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதே ஷாட்டுகள், அதே பாட்டு, கை ஷாட் மட்டும் தேவையே படவில்லை.

அடுத்து வேகம். 2000-இல் வந்த கோல்ட்ப்ளேயின் 'யெல்லோ' வீடியோ, இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் பாடகர் நடந்துகொண்டே பாடும் ஒரே ஷாட். வினாடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்தபோது பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அவரைப் பாட வைத்தார்கள். இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்ததும் உதடு பாட்டோடு சரியாக ஒட்டுகிறது. ஆனால் நடை, ஈர முடி, அலை எல்லாம் பாதி வேகத்தில் மிதக்கின்றன. உதடு ஒரு காலத்தில், உடம்பு இன்னொரு காலத்தில். காதல் வயப்பட்டவனின் நிலையைச் சொல்ல வேறு கதை தேவைப்படவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே குழு 'தி சயின்டிஸ்ட்' வீடியோவில் கதையைப் பின்னோக்கி ஓடவிட்டது. உதடு மட்டும் முன்னோக்கிப் பாட வேண்டுமே, அதற்காகப் பாடகர் முழுப் பாட்டையும் தலைகீழாகப் பாடப் பழகினார்.

முதல் உத்தி குறைந்த செலவில் செய்யக்கூடியது. 48 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவதென்றால் பாட்டு 200 சதவீத வேகத்தில் ஓட வேண்டும். 36 ஃப்ரேம் என்றால் 150. 30 ஃப்ரேம் என்றால் 125, இது மிக மெல்லிய மிதப்பு, பலருக்கு ஸ்லோமோஷன் என்றே தெரியாது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றிய கோப்பை ஷூட்டிங்குக்கு முந்தின நாளே தயாரித்து, அதே வேகத்தில் நான்கு அடி எண்ணிக்கையை முன்னால் ஒட்டிவைக்க வேண்டும். பாடகருக்கு அந்தக் கோப்பை அனுப்பி வாயசைத்துப் பழகச் சொல்ல வேண்டும். 120 பிபிஎம் பாட்டு இரட்டை வேகத்தில் 240 ஆகிவிடும், சொற்கள் நெருக்கமாக இருந்தால் உதடு குழறும். மெதுவான பாட்டையோ, நீண்ட உயிரெழுத்துகளில் நிற்கும் வரியையோ தேர்ந்தெடுப்பது நல்லது. தலைகீழாகவும் செய்யலாம்: பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டி 12 ஃப்ரேமில் எடுத்தால் பாடுபவர் இயல்பாக இருப்பார், சுற்றியிருக்கும் ஊர் பரபரக்கும்.

இங்கே சொதப்பும் இடங்கள் வெளிச்சமும் சிங்கும் (உதடும் ஒலியும் ஒட்டுவது). 48 ஃப்ரேமுக்குப் போனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, வெளிச்சம் குறையும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் ஆங்கிளை (ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்கும் என்பதன் அளவை) 172.8 டிகிரியில் வைத்தால் 24 ஃப்ரேமில் 1/50 வினாடி, 48 ஃப்ரேமில் 1/100 வினாடி என்று துடிப்போடு ஒத்துப்போகும். 120 ஃப்ரேமில் எந்த ஷட்டரும் காப்பாற்றாது, துடிக்காத விளக்கு வேண்டும் அல்லது வெயில் வேண்டும்.

சிங்கில் இரண்டு பொறிகள். கேமராவை 23.976 ஃப்ரேமில் வைத்து எடுத்துவிட்டு, டைம்லைனை 24 என்று திறந்தால், நான்கு நிமிட முடிவில் ஏறக்குறைய 6 ஃப்ரேம் நழுவியிருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த உதடு கடைசிச் சரணத்தில் விலகுவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று தூரம். ஒலி ஒரு ஃப்ரேம் நேரத்தில் சுமார் 14 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் பாடகர் பக்கத்தில், கேமரா 28 மீட்டர் தள்ளி லாங் லென்ஸில் என்றால், கேமரா மைக்கில் பாட்டு 2 ஃப்ரேம் தாமதமாகப் பதிவாகும். அந்த ஒலியை வைத்து சிங்க் செய்தால் உதடு பாட்டை முந்தும். ஒலியை நம்பாமல் உதட்டை நம்ப வேண்டும்: ப, ம எழுத்துகளில் உதடு மூடும் ஃப்ரேமைப் பிடித்தால் போதும்.

கேமராவுக்கு வருவோம். லென்ஸ் எண் வெறும் அளவு இல்லை, தூரம்தான் விஷயம். 24 எம்எம் லென்ஸோடு முகத்துக்கு அரை மீட்டரில் நிற்பதும், 85 எம்எம்மோடு ஒன்றே முக்கால் மீட்டரில் நிற்பதும் ஏறக்குறைய ஒரே அளவு முகத்தைத் தரும். ஆனால் முதலாவதில் மூக்கு முன்னால் வரும், பின்னணி சிறுத்து விலகி ஓடும். பார்ப்பவர் அந்த ஆளின் மூச்சு படும் தூரத்தில் நிற்கிறார், சொல்லப்போனால் அத்துமீறி நிற்கிறார். இரண்டாவதில் பின்னணி முதுகோடு வந்து ஒட்டும். கூட்டத்தில் தனியாக நிற்பவனுக்கு இது. ராப் வீடியோக்களில் அகல லென்ஸைத் தாழ்வாக, மிக நெருக்கமாக வைப்பது சும்மா ஸ்டைலுக்காக இல்லை. பாடுபவரின் கை லென்ஸை நோக்கி வரும்போது பெரிதாகும், அவர் பேசுவது உங்களிடம்தான் என்று ஆகிவிடும்.

பார்வை எங்கே போகிறது என்பதை முன்பே முடிவு செய்து எடுப்பவர்கள் குறைவு. பாடகர் லென்ஸைப் பார்த்தால் பார்ப்பவர் 'நீ' ஆகிறார். வேறெங்கோ பார்த்தால் அவர் ஒட்டுக்கேட்பவர். சரணம் முழுக்க லென்ஸைப் பார்க்காமல் வைத்திருந்து, கடைசிப் பல்லவியில் ஒரே ஒரு முறை பார்க்கவைத்தால் அந்த ஒரு பார்வைக்குப் பத்து ஷாட்டின் கனம் உண்டு. எல்லா டேக்கிலும் லென்ஸைப் பார்க்கச் சொல்லிவிட்டால் எடிட் அறையில் இதைச் செய்ய முடியாது. லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்ப்பது இரண்டும் கெட்டான். வரிகளை போனில் பார்த்துப் படிக்கிறார் என்றே தோன்றும்.

முகத்திலேயே நின்றுவிடும் துணிச்சலுக்கு 1990-இல் ஜான் மேபரி இயக்கிய ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' நல்ல பாடம். பாரிஸ் பூங்கா ஒன்றில் எடுத்த சில ஷாட்டுகளைத் தவிர மற்றதெல்லாம் கறுப்புப் பின்னணியில் பாடகியின் முகம்தான். கண்ணீர் வரும்போது கேமரா அங்கிருந்து நகரவில்லை. அந்தத் துளிக்கு முன்னால் ஒரு வெட்டு இருந்திருந்தால் கிளிசரின் என்று நினைத்திருப்போம்.

மெதுவாக உள்ளே போகும் டிராலி ஷாட்டுக்கும் கணக்கு உண்டு. அதே 90 பிபிஎம்மில் எட்டு தாளக்கட்டு 21 வினாடிக்குச் சற்று மேல். 2 மீட்டர் தண்டவாளம் என்றால் வினாடிக்கு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஃபோகஸ் புல்லருக்கு (ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே வருபவருக்கு) வசதியான வேகம். கேமரா எப்போது நிற்கிறது என்பதில்தான் அர்த்தம். பல்லவி திரும்பும் அதே கணத்தில் நின்றால் வந்து சேர்ந்த நிம்மதி. ஒரு தாளக்கட்டுக்கு முன்பே நின்றுவிட்டால், ஏதோ தடுத்தது. பல்லவி வந்த பிறகும் நிற்காமல் போனால் அச்சம். கிம்பலில் (கேமராவைக் குலுங்காமல் தாங்கும் கருவியில்) சகட்டுமேனிக்கு முன்னும் பின்னும் மிதந்துகொண்டிருக்கும் ஷாட்டில் இது எதுவும் இருக்காது. எல்லாமே அசைந்தால் அசைவு ஒன்றும் சொல்லாது.

நீண்ட ஷாட்டுக்கு 2018-இல் ஹிரோ முராய் இயக்கிய சைல்டிஷ் காம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா'வைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய கிடங்கு. முன்னால் பாடகரும் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், பின்னால் கலவரம் நடக்கிறது. கேமரா வெட்டாமல் ஆட்டத்தையே பின்தொடர்கிறது. பின்னால் நடப்பதைத் தனி ஷாட்டாக வெட்டிக் காட்டியிருந்தால் இயக்குநர் நமக்குச் சொன்னதாக ஆகியிருக்கும். வெட்டாததால், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்ததைத் தவறவிட்டது நாம்தான் என்றாகிறது. முதல் துப்பாக்கிச் சத்தத்தில் மென்மையான கிட்டாரும் குரலும் அறுந்து கனத்த பேஸ் இறங்குகிறது. அந்த இடத்தில் படம் இசையைப் பின்தொடரவில்லை, இசையைப் படம் மாற்றுகிறது. தொழில்நுட்பமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னணி போதுமான அளவு தெளிவாக இருக்கிறது. இன்று வழக்கமாகச் செய்வதுபோல் அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) எஃப் 1.4 என்று அகலத் திறந்து பின்னால் எல்லாவற்றையும் குழைத்திருந்தால் அந்த வீடியோவுக்குச் சொல்ல எதுவுமே இருந்திருக்காது.

பாட்டோடு முழுக்க ஒத்துப்போவது எப்போதும் தவறா? இல்லை. மிஷேல் கோண்ட்ரி 2002-இல் கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவுக்கு எடுத்த 'ஸ்டார் கிடார்' ரயில் ஜன்னல் வழியாகத் தெரியும் காட்சி மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு கட்டடமும் கம்பமும் பாலமும் ஒவ்வோர் ஒலியின் தாளத்தில் வந்து போகும். அதைத் திட்டமிட ஆரஞ்சுப் பழம், கண்ணாடி டம்ளர், புத்தகம் என்று வீட்டுச் சாமான்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஒத்துப்போவதையே உலகத்தின் விதியாக்கிவிட்டால் அது பேசும். பாதி வீடியோவில் ஒத்துப்போய் மீதியில் மறந்துவிடுவதுதான் பேசாது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த காலத்துக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம் என்ற கணக்கைப் பார்ப்பவர் நம்மைவிட நன்றாக அறிவார். டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரிவது) போடுவதென்றால் அதற்கும் தாள நீளம் கொடுங்கள்: 90 பிபிஎம்மில் 32 ஃப்ரேம், அதாவது இரண்டு பீட். மென்பொருள் தானாகக் கொடுக்கும் நீளம் எந்தப் பாட்டுக்கும் பொருந்தாது. வெள்ளை ஃபிளாஷ்களை வினாடிக்கு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. போனுக்குச் செங்குத்து வடிவமும் வேண்டும் என்று தயாரிப்பாளர் பிறகு கேட்பார் என்று தெரிந்தால் ஷூட்டிங்கிலேயே மானிட்டரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 16:9 படத்திலிருந்து 9:16 வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். இருவர் எதிரெதிரே நிற்கும் ஷாட் அதில் இரண்டு காதுகளாக முடியும்.

எடிட் முடிந்ததும் இரண்டு சோதனைகள். ஒன்று, பாட்டை எடுத்துவிட்டு அதே பிபிஎம்மில் வேறொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். வீடியோ அதற்கும் அப்படியே பொருந்தினால் உங்கள் வெட்டுகள் வேகத்தை மட்டுமே கேட்டிருக்கின்றன, பாட்டைக் கேட்கவில்லை. இரண்டு, மார்க்கரில் சரியாக உட்கார்ந்திருக்கும் வெட்டுகளை எண்ணுங்கள். எல்லாமே அங்கே இருந்தால் எட்டாவது வெட்டுக்குள் பார்ப்பவர் அடுத்ததை ஊகித்துவிடுவார், பிறகு வரும் எந்த அடியும் அடியாக விழாது. அவற்றில் பாதியை நீக்கி, ஷாட்டுகளை அப்படியே ஓடவிடுங்கள். மிச்சத்தில் வரியின் முக்கியமான சொல் எங்கே விழுகிறதோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று வெட்டுகளை மட்டும் அரை பீட் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, ஒவ்வொன்றையும் கண்ணை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.